முந்தின நாளே இறங்கிடணுமாம்

ஏற்காட்டில் ஒரு மண்டபத்தில் இளைஞர்களுக்கு நேர்காணல் பயிற்சி என்று கூட்டம் போட்டிருந்தார்கள். சேலத்திலிருந்து காரில் வந்திருந்த பயிற்சியாளர் சட்டையை இன் பண்ணுவது, உட்காரச் சொன்ன பிறகே உட்காருவது, கேள்வி கேட்டவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டு வந்தவர், நேரம் என்ற இடத்துக்கு வந்ததும் குரலை உயர்த்தினார்.

"பத்து மணிக்கு இன்டர்வியூன்னா ஒன்பதே முக்காலுக்கு ரிசப்ஷன்ல இருக்கணும். எட்டு மணிக்கே போய் நின்னா வேற வேலை இல்லாதவன்னு தெரிஞ்சுடும். பத்து அஞ்சுக்குப் போனா பொறுப்பில்லாதவன்னு தெரிஞ்சுடும். ஒண்ணு ஞாபகம் வச்சுக்குங்க. இன்டர்வியூவுக்கு நேரத்துக்கு வராதவன் வேலைக்கும் வரமாட்டான்."

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். மலைக்குள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்துப் பெண். "சார், எங்க ஊர்ல முதல் பஸ்ஸைப் பிடிச்சாலே சேலம் போய்ச் சேர பத்து ஆயிடுங்க சார்."

"அதனாலதாம்மா சொல்றேன். முந்தின நாளே இறங்கிடணும்."

மண்டபம் சிரித்தது. அந்தப் பெண் உட்கார்ந்துவிட்டாள். பயிற்சியாளர் அடுத்ததாக, கைகுலுக்கும்போது எவ்வளவு அழுத்த வேண்டும் என்பதற்குப் போய்விட்டார்.

நான் கிளியூர்க்காரன். சேலத்தில் தனியார் அலுவலகம் ஒன்றில் கணக்கெழுதி ஓய்வுபெற்றவன். கடைசிப் பத்து வருடம், ஆள் எடுக்கும் மேசையின் அந்தப் பக்கத்திலும் உட்கார்ந்து எழுந்திருக்கிறேன். இப்போது ஊர்ப் பிள்ளைகளுக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுப்பதில் பொழுது போகிறது. அந்தப் பயிற்சியாளர் சொன்னவற்றில், சட்டையை இன் பண்ணச் சொன்னதைத் தவிர வேறெதையும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அவரை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. வேலைவாய்ப்புக் கையேடுகள், கல்லூரிகளில் நடக்கும் ஆளுமை வகுப்புகள், ஆள் எடுக்கும் அதிகாரிகள், நாலு காசு பார்த்துவிட்ட மாமாக்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள். நேரத்துக்கு வருவது குணமாம், நேரம் தவறுவது குணக்கேடாம். வாசலில் இருக்கும் கடிகாரமே பாதி நேர்காணலை முடித்துவிடுமாம்.

அந்தக் கடிகாரம் எதைக் காட்டுகிறது என்று ஒரு தடவையாவது பார்த்துவிடலாம்.

ஏற்காட்டிலிருந்து சேலத்துக்கு முப்பத்திரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேலே. சமவெளியில் அது ஒரு தூரமே இல்லை. இங்கே அதற்குள் 20 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. பஸ் இறங்க ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இது ஏற்காடு ஊரிலிருந்து புறப்படுகிறவருக்கான கணக்கு. ஏற்காடு ஒரு ஊர்தான், சேர்வராயன் மலை என்பது பல ஊர். உள்கிராமத்துப் பிள்ளை முதலில் தார்ச்சாலை வரை நடக்க வேண்டும், அங்கிருந்து ஏற்காட்டுக்கு வர வேண்டும், பிறகுதான் இந்த இருபது வளைவும். வழியில் காட்டெருமை நின்றால் பஸ் நிற்கும். அது நகர்ந்த பிறகுதான் டிரைவர் கியரைத் தொடுவார். ஹாரன் அடித்து விரட்டும் அளவுக்கு எங்கள் டிரைவர்கள் ஏமாளிகள் அல்ல.

இப்படி இறங்கி வருகிறவருக்கு, "பதினைந்து நிமிடம் முன்னதாக" என்றொரு நேரமே உலகத்தில் கிடையாது. பதினைந்து நிமிடம் முன்னதாகப் போவது ஸ்கூட்டர் வைத்திருப்பவனால் முடிகிற காரியம். வீட்டில் காபி குடித்துவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, வெயில் அதிகமாக இருந்தால் ஐந்து நிமிடம் தாமதித்துக் கிளம்புகிறவனின் நேரம் அது. எங்களுக்குக் கிடைப்பது இரண்டே இரண்டு. ஒரு பஸ்ஸைப் பிடித்தால் இரண்டு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்கலாம். அடுத்ததைப் பிடித்தால் முக்கால் மணி நேரம் கழித்துப் போய் நிற்கலாம். பயிற்சியாளரின் கணக்கில் முன்னதாகப் போனால் வேலையற்றவன், பின்னால் போனால் பொறுப்பற்றவன். இரண்டுக்கும் நடுவே அவர் வைத்திருக்கும் அந்தப் பதினைந்து நிமிடத்தில் எங்கள் ஊருக்குப் பஸ் இல்லை.

சரி, முந்தின நாளே இறங்கிவிடுவோம். அதற்கு என்ன செலவு என்று அவர் ஒரு காகிதத்தில் போட்டுப் பார்த்திருந்தால் அவ்வளவு சுலபமாகச் சொல்லியிருக்க மாட்டார். எஸ்டேட்டில் கூலிக்குப் போகும் பெண் முந்தின நாள் மதியமே வேலையை விட்டால்தான் கடைசிப் பஸ்ஸுக்கு ஏற்காடு வந்து சேர முடியும். அந்த நாள் கூலி போனது. நேர்காணல் நாள் கூலியும் போனது. ராத்திரி தங்க வேண்டும். சேலத்தில் சொந்தக்காரர் வீடு இருந்தால் நல்லது. அப்போதும் வெறுங்கையோடு போக முடியாது, பலாப்பழமோ கொஞ்சம் மிளகோ கட்டிக்கொண்டு போக வேண்டும். சொந்தக்காரர் இல்லையென்றால் வயசுப் பெண்ணைத் தனியாக பஸ் ஸ்டாண்டில் விட எந்த வீடும் சம்மதிக்காது. அப்பா கூட வர வேண்டும். அவருடைய இரண்டு நாள் கூலியையும் சேர்த்தால் நாலு நாள் கூலி ஆயிற்று. சாப்பாடு, லாட்ஜ் எல்லாம் தனி. "முந்தின நாளே" என்ற இரண்டு வார்த்தைக்குள் ஒரு குடும்பத்தின் ஒரு வாரம் அடங்கியிருக்கிறது. வேலை கிடைக்குமா என்பது அதற்குப் பிறகுதான் தெரியும்.

பாதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். கிளியூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு அருவிதான் நினைவுக்கு வரும். ஏற்காடு ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர் ஓடிவந்து ஏறக்குறைய முந்நூறு அடி உயரத்திலிருந்து விழுகிற இடம் அது. நல்ல மழை பெய்தால் "கிளியூர் அருவியில் கொட்டும் வெள்ளம், சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி" என்று படத்தோடு செய்தி வரும். ஊர்க்காரர்கள் நாங்கள் அருவிச் சத்தத்தை வேறு விதமாகக் கேட்போம். இரவில் அது வழக்கத்தைவிட உரக்கக் கேட்டால் காலையில் பாதை எப்படி இருக்குமோ என்ற பயம் வரும். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது அப்படித்தான் ஆனது. டிசம்பர் தொடக்கத்தில் மலைப்பாதையில் மண்ணும் பாறையும் சரிந்து போக்குவரத்து நின்றது. மாற்றுப்பாதை என்று இருப்பது குப்பனூர் வழி. அது சுற்று. மே மாதக் கோடை விழாவின்போது வேறொரு கதை நடக்கும். சுற்றுலா வண்டிகளின் நெரிசலுக்காகப் பாதையை ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களைக் குப்பனூர் பக்கம் திருப்பிவிடுவது உண்டு. மலர்க் கண்காட்சி பார்க்க ஊரே மேலே ஏறுகிற நாளில் நேர்காணலுக்குக் கீழே இறங்குகிற பிள்ளையின் நிலைமையை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் சொன்னால் "சாக்கு" என்பார்கள். மலையில் இருக்கிறவர்களுக்கு நேரத்தின் அருமை தெரியாது, ஆற அமர இருந்தே பழக்கம் என்று என் காதுபடவே சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டால் எனக்குக் கோபம் வரும். இந்த மலையில் காபி 1820-களில் வந்தது, சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் காலத்தில். அன்றிலிருந்து இன்று வரை காபித் தோட்டம் மணி பார்த்துத்தான் நடக்கிறது. கார்த்திகை, மார்கழியில் காபி பழுக்கும். என் அம்மா விடியுமுன்னே எழுந்து, பனியில் நனைந்த விறகை ஊதி ஊதிச் சோறாக்கி, தூக்குப்போசியில் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுப்பதற்கு முன்னால் தோட்டத்தில் நிற்பாள். தாமதமாகப் போனால் அன்றைக்கு வேலை இல்லை என்று திருப்பி அனுப்பிவிடுவார்கள். அவள் கையில் கடிகாரம் இருந்ததில்லை. அவள் திரும்பி வந்த நாளும் எனக்கு நினைவில்லை. நடந்து போய்ச் சேரக்கூடிய இடத்துக்கு இந்த மலைச்சனங்கள் தலைமுறை தலைமுறையாக நேரத்துக்குப் போயிருக்கிறார்கள். பஸ்ஸில் போக வேண்டிய இடத்துக்குத்தான் அவர்களுக்குத் தாமதம் ஆகிறது. அப்படியானால் பழுது ஆளில் இருக்கிறதா, பஸ்ஸில் இருக்கிறதா?

கடிகாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததால் இன்னொன்று. இந்தியா முழுவதற்கும் ஒரே நேரம் என்பது 1906-ல் வந்தது. அதற்கு முன் சென்னைக்கு ஒரு நேரம், பம்பாய்க்கு ஒரு நேரம், கல்கத்தாவுக்கு ஒரு நேரம். இப்போது நாம் வைத்திருக்கும் நேரம் 82½ டிகிரி தீர்க்கரேகைக்கு உரியது. ஏற்காடு அதற்கு மேற்கே நாலு டிகிரிக்கு மேல் தள்ளி இருக்கிறது. சூரியனைக் கேட்டால், சேலத்துக் கடிகாரத்தில் மணி பத்து அடிக்கும்போது எங்களுக்கு ஒன்பது நாற்பத்து மூன்றுதான் என்று சொல்லும். இதை வைத்து யாரும் வேலை கேட்க முடியாது, எனக்கும் தெரியும். கடிகார நேரமும் மனிதர்கள் கூடிப் பேசி வைத்துக்கொண்ட ஏற்பாடு என்பதை நினைவூட்டத்தான் சொன்னேன். ஏற்பாட்டைப் பேசி மாற்றலாம்.

எதிர்த்தரப்பின் வாதங்களில் பலமானவை இரண்டு.

முதலாவது தேர்வு மையத்தின் கதவு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வு ஒன்பதரைக்கு என்றால் ஒன்பது மணிக்கு மேல் உள்ளே விடமாட்டார்கள். ஓடிவந்து கேட்டைப் பிடித்துக்கொண்டு அழும் பிள்ளைகளின் படம் ஒவ்வொரு தேர்வுக்கும் பத்திரிகையில் வரும். அங்கே கண்டிப்பு இருக்கலாம், நேர்காணலில் மட்டும் கூடாதா என்று கேட்பார்கள். அந்தக் கதவோடு எனக்குச் சண்டை இல்லை. வினாத்தாள் கட்டைப் பிரிக்க வேண்டும், லட்சக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுத வேண்டும், ஒருவரைப் பிந்தி விட்டால் வினா வெளியே போயிருக்குமோ என்ற சந்தேகம் வரும். காரணம் இருக்கிறது. ஆனால் கதவை இறுக்கியவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். குரூப் 4 போன்ற தேர்வுகளுக்குத் தாலுகா தோறும் மையம் வைத்தார்கள். கதவைக் கடுமையாக்குவதற்கு முன் கதவைக் கிட்டே கொண்டுவந்தார்கள். நேர்காணல் நடத்துகிறவர்கள் முதல் பாதியை மட்டும் காப்பியடித்திருக்கிறார்கள். தவிர, நேர்காணலில் ஒரே நேரத்தில் எழுதும் தாள் எதுவும் இல்லை. ஒருவர் பின் ஒருவராகத்தான் கூப்பிடப் போகிறார்கள். பத்து மணிக்கு வந்தவனைப் பதினொன்றரைக்கும், பத்தரைக்கு வந்தவனைப் பன்னிரண்டுக்கும் கூப்பிட்டால் யாருக்கு என்ன நஷ்டம்?

இரண்டாவது வாதம் ஷிஃப்ட். "ஆறு மணி ஷிஃப்ட்டுக்கு ஆறு மணிக்கு மெஷினில் ஆள் நிற்க வேண்டும். நேர்காணலுக்கே வர முடியாதவன் ஷிஃப்ட்டுக்கு எப்படி வருவான்?" கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் இதே கம்பெனிக்காரர்கள் ஷிஃப்ட்டுக்கு என்ன செய்கிறார்கள்? கோவையிலும் திருப்பூரிலும் ஓசூரிலும் ஆலைகள் வேலையாட்களை ஏற்றிவரத் தங்கள் சொந்த பஸ்ஸை ஊர் ஊராக அனுப்புகின்றன, இல்லாவிட்டால் விடுதி கட்டித் தங்க வைக்கின்றன. ஆறு மணிக்கு மெஷினில் ஆள் நிற்பது அந்த ஆளின் குணத்தால் மட்டும் நடப்பதில்லை, கம்பெனி பஸ்ஸால் நடக்கிறது. வேலைக்குச் சேர்ந்த மறுநாள் முதல் ஐந்தரைக்கே வீட்டு வாசலில் வண்டி நிற்கும். சேர்வதற்கு முந்தின நாள் மட்டும் அவன் சொந்தக் காலில் வந்து குணத்தை நிரூபிக்க வேண்டும். இந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

என் சொந்தக் கதை இதற்கு உதவும். 1980-களின் தொடக்கம். எனக்கு இருபத்திரண்டு வயது. சேலத்தில் ஒரு நிறுவனத்திலிருந்து கார்டு வந்தது, காலை ஒன்பது மணிக்கு நேரில் வரவும் என்று. பயிற்சியாளர் சொல்லாமலே நான் முந்தின நாள் கடைசிப் பஸ்ஸில் இறங்கினேன். பஸ் ஸ்டாண்டு பெஞ்சில் சான்றிதழ் ஃபைலைத் தலைக்கு வைத்துப் படுத்தேன். தூங்கினால் ஃபைல் போய்விடும் என்று தூங்கவில்லை. விடிந்ததும் கட்டணக் கழிப்பறையில் குளித்து, பையில் செய்தித்தாள் சுற்றி வைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஏழு மணிக்கே கேட்டில் நின்றேன். "எட்டரைக்கு மேல வா தம்பி, இங்க நிக்கக்கூடாது" என்றார் வாட்ச்மேன். எதிரே டீக்கடை. ஒரு டீயை ஒன்றரை மணி நேரம் குடித்தேன். ஒன்பது மணிக்கு உள்ளே போனால் என்னைப் போல முப்பது பேருக்கு மேல் இருந்தார்கள், எல்லாருக்கும் ஒன்பது மணி. நேர்காணல் நடத்த வேண்டிய அதிகாரி வெளியூரிலிருந்து வருகிறார் என்றார்கள். வந்தார், பகல் பன்னிரண்டே காலுக்கு. வந்ததும் சாப்பாடு. என் பெயரைக் கூப்பிட்டபோது மணி நாலு நாற்பது. உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என்னப்பா, இவ்வளவு சோர்வா இருக்கே?"

அவர் மூன்றே கால் மணி நேரம் தாமதமாக வந்ததற்குப் பெயர் வேலைப்பளு. அதைப் பற்றி அந்த ஹாலில் யாரும் வாய் திறக்கவில்லை, நானும்தான். எனக்கு வேலை கிடைக்கவில்லை. கடைசிப் பஸ் போய்விட்டதால் அன்று இரவும் அதே பெஞ்சுதான்.

காலம் மாறிவிட்டது, இப்போது அப்படியெல்லாம் இல்லை என்று நினைத்தால், ஏதாவதொரு நேர்காணல் நாளில் போய்ப் பாருங்கள். ஐம்பது பேரை வரச் சொல்லி ஐம்பது பேருக்கும் ஒரே நேரத்தை எழுதி அனுப்புவது இன்றும் நடக்கிறது. ஒரு மணி நேரத்தில் நாலு பேரைத்தான் பார்க்க முடியும் என்று கூட்டல் தெரிந்த யாருக்கும் தெரியும். எஞ்சிய ஆட்களின் நேரம் அவர்கள் கணக்கில் இலவசம். நேரத்தின் மதிப்பைப் பற்றிப் பாடம் எடுக்கிறவர்கள் முதலில் இந்த ஐம்பது பேரின் காலை வேளையை எந்தத் தலைப்பில் எழுதுவது என்று சொல்ல வேண்டும். கணக்கெழுதியவன் கேட்கிறேன்.

மேசையின் அந்தப் பக்கம் நான் இருந்தபோது நடந்த ஒன்றையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை நேர்மையாக இருக்காது. கல்வராயன் மலைப் பக்கத்திலிருந்து ஒரு பையன் வந்தான், நாற்பது நிமிடம் பிந்தி. பேண்ட்டில் முழங்கால் வரை சேறு. அவன் உட்காருவதற்கு முன்பே என் மேலாளர் விண்ணப்பத்தின் மூலையில் பென்சிலால் "லேட்" என்று எழுதினார். பிறகு அரை மணி நேரம் கேள்வி கேட்டோம். கணக்கில் கெட்டிக்காரன். இருப்புநிலைக் குறிப்பில் நாங்கள் வேண்டுமென்றே விட்டிருந்த தப்பைக் கண்டுபிடித்தவன் அன்றைக்கு அவன் ஒருவன்தான். ஆனால் எங்கள் கேள்விகள் எல்லாம் அந்தப் பென்சில் எழுத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. அவன் ஒரு விடைக்கு யோசித்தால் மந்தம் என்று பட்டது. வேகமாகச் சொன்னால் அவசரக்காரன் என்று பட்டது. சேறு எங்கே ஒட்டியது என்று எங்களில் ஒருவரும் கேட்கவில்லை. மூலையில் எழுதிய ஒரு சொல் பக்கம் முழுவதையும் வாசித்துவிட்டது. நான் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்தேன். முன்பு பெஞ்சில் படுத்தவன்தான் நானும்.

மனிதர்கள் செய்வதற்கெல்லாம் குணத்தைக் காரணமாக்கி, அவர்கள் நிற்கும் இடத்தையும் சூழலையும் கணக்கில் விட்டுவிடுகிற இந்தப் பழக்கத்தை உளவியலில் ஒரு பிழை என்றே வகைப்படுத்தியிருக்கிறார்கள். லீ ராஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் 1977-ல் அதற்குப் பெயரும் வைத்தார். அதற்கு முன்னால் 1973-ல் வெளிவந்த ஒரு சோதனைதான் எனக்கு மறக்காதது. டார்லி, பேட்சன் என்ற இருவர் அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் பாதிரியாராவதற்குப் படிக்கும் மாணவர்களை வைத்து நடத்தியது. பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சிலர் பேச வேண்டிய தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதை. போகும் வழியில் ஒருவன் வாசலில் சுருண்டு கிடந்து இருமி முனகுகிறான், அவனைச் சோதனைக்காரர்களே ஏற்பாடு செய்திருந்தார்கள். நேரம் நிறைய இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 63 பேர் நின்று விசாரித்தார்கள். நேரம் சரியாக இருக்கிறது என்று சொல்லப்பட்டவர்களில் 45 பேர். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது, ஓடுங்கள் என்று அனுப்பப்பட்டவர்களில் நூற்றுக்கு 10 பேர்தான் நின்றார்கள். எல்லாரும் ஒரே கல்லூரி, ஒரே வேதம், ஒரே குணம். அவர்களை வேறுபடுத்தியது கையில் இருந்த நிமிடங்கள்.

அதாவது, நேரத்தை வைத்துக் குணத்தை அளக்கலாம் என்று நினைக்கிறவர்கள் தராசைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறார்கள். நேர்காணல் வாசலில் சரியாக ஒன்பதே முக்காலுக்கு வந்து நிற்கிறவன், வழியில் விழுந்து கிடந்த யாரையாவது தாண்டி வந்தவனாகவும் இருக்கலாம். நாற்பது நிமிடம் பிந்தியவன் யாரையாவது ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வந்தவனாகவும் இருக்கலாம். கேட்டால்தான் தெரியும்.

வள்ளுவரை இழுக்காமல் இந்த விஷயத்தை யாரும் பேசுவதில்லை. காலமறிதல் என்று தனி அதிகாரமே இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, 49-வது அதிகாரம். அதற்கு முந்தையது வலியறிதல், அடுத்தது இடனறிதல். வலியும் இடமும் அறியாமல் காலத்தை மட்டும் பிடித்துக்கொள்ள வள்ளுவர் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை. போதாததற்கு அந்த அதிகாரங்கள் அரசனுக்குச் சொன்னவை. அழைக்கிறவன் படிக்க வேண்டியதை அழைக்கப்பட்டவன் தலையில் கட்டுவது நம் வழக்கம்.

ஆள் எடுப்பதில் நாட்டிலேயே கடுமையானது என்று பெயரெடுத்தது மத்தியத் தேர்வாணையம். அங்கே குடிமைப் பணிக்கான நேர்காணலுக்கு எல்லாரையும் ஒரே மணிக்கு வரச் சொல்வதில்லை, காலை ஒரு பிரிவு, பிற்பகல் ஒரு பிரிவு. வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு ரயில் கட்டணமும் திருப்பிக் கொடுக்கிறார்கள். ரயில்வே வேலைத் தேர்வுகளுக்குப் போகும் பட்டியல் சாதி, பழங்குடிப் பிள்ளைகளுக்கு ரயிலில் இலவசப் பயணம் உண்டு. எங்கள் மலையாளிப் பழங்குடிப் பிள்ளைகளுக்கும் அது பொருந்தும். ஆனால் அந்தச் சலுகை சேலம் ஜங்ஷனிலிருந்துதான் ஆரம்பிக்கிறது. இருபது வளைவு இறங்கி ஜங்ஷனைத் தொடுவதற்குப் பாஸ் கிடையாது. மத்திய அரசு 2016 ஜனவரியிலிருந்து கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே எடுத்துவிட்டது. வானம் இடிந்து விழவில்லை, ஆட்கள் எடுக்கப்படுகிறார்கள்.

இவ்வளவு பெரிய அமைப்புகள் செய்ததை நாற்பது பேர் வேலை செய்யும் ஒரு சேலத்து நிறுவனத்தால் செய்ய முடியாதா? காசு ஒன்றும் செலவாகாது. ஆட்களை நேரம் பிரித்துக் கூப்பிட்டால் போதும். உள்ளூர்க்காரருக்குக் காலை, தூரத்தில் இருந்து வருகிறவருக்கு மதியம். பிந்துகிறவர் கூப்பிட்டுச் சொல்ல ஒரு செல்போன் எண்ணைக் கடிதத்தில் போடலாம், அந்த எண்ணை எடுக்க ஒரு ஆளும் வேண்டும். அதிகாரி வரத் தாமதமானால் வந்திருப்பவர்களிடம் ஒருவர் எழுந்து வந்து சொல்லலாம். வீடியோவில் பேசிவிடலாமே என்கிறார்கள். பேசலாம்தான். எங்கள் பக்கம் சிக்னல் பாறை மேல் ஏறினால் கிடைக்கிறது, மழை வந்தால் அதுவும் இல்லை.

சேலம் மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் ஏற்காடு சாலையில் கோரிமேட்டில் இருக்கிறது. மலையிலிருந்து இறங்குகிறவனுக்கு ஊருக்குள் போகாமலே கிடைக்கிற இடம். தனியார் நிறுவனங்களைக் கூட்டிவந்து அங்கே முகாம் நடத்துகிறார்கள். காலையிலிருந்து மதியம் வரை எப்போது போனாலும் பார்க்கிறார்கள். அங்கே போய் வந்த எங்கள் பிள்ளைகள் யாரும் "லேட்" ஆனதில்லை. அதே பிள்ளைகள், அதே பஸ்.

ஊர்ப் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. கடிதம் வந்த அன்றே அந்த நிறுவனத்துக்குப் போன் போடு. எந்த ஊர், எந்தப் பஸ், எத்தனை மணிக்கு வந்து சேரும் என்று சொல். பதினொன்றரைக்கு மேல் நேரம் கொடுக்க முடியுமா என்று கேள். கெஞ்ச வேண்டாம், தகவலாகச் சொல். பேசியவரின் பெயரைக் கேட்டு எழுதி வைத்துக்கொள். அப்படியும் பிந்திப் போனால் ஒரு தடவை காரணத்தைச் சொல், மூன்று தடவை மன்னிப்புக் கேட்காதே. கால் சேற்றைத் துடைத்துவிட்டு உள்ளே போ. நான் எழுதிக் கொடுத்ததை வைத்துக்கொண்டு அன்று மண்டபத்தில் எழுந்து நின்ற பெண்ணும் போன மாதம் ஒரு நிறுவனத்துக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் இருந்த பெண், "அதுக்கென்னங்க, பன்னிரண்டுக்கு வாங்க" என்றிருக்கிறார். பேச்சு முழுவதும் ஒரு நிமிடம்கூட இல்லை.

எனவே, அழைப்புக் கடிதத்தில் மணி எழுதுகிறவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த இடத்தை நிரப்புமுன் விண்ணப்பத்தில் முகவரிக் கட்டத்தை ஒரு தடவை பாருங்கள். பின்கோடு 636601 என்று இருந்தால் ஒன்பது என்று எழுதாதீர்கள், பன்னிரண்டு என்று எழுதுங்கள். பதினொன்றே முக்காலுக்கு வந்து உட்கார்ந்திருப்பார்கள்.